எட்டுக் காலபோகமும் ஓர் இரட்டைக்குழல் துவக்கும்

பக்கத்து வயல்காரத் தம்பி துவக்கு லைசன்சுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். போன கிழமை வரம்பில் வந்து குந்தியிருந்து, கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினான். வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்புக் கட்டை போட்ட துவக்கால் டப் டப் டப் என்று ஐந்து வெடி வைக்கிறார். பிறகு முன்பிடியில் உள்ள ஒரு வளையத்தைத் திருப்புகிறார். அதே துவக்கு இப்போது கையால் இழுத்து இழுத்துச் சுடுகிற துவக்காகிவிடுகிறது. "அண்ணை, இதுமாதிரி ஒன்று இருந்தால் பன்றிக் கூட்டத்துக்கு எப்பிடி இருக்கும்?" என்றான்.

இலங்கையின் வடக்கில், நெடுங்கேணிப் பக்கம் ஆறு ஏக்கர் வயலும் ஒன்றரை ஏக்கர் கச்சானும் (நிலக்கடலை) செய்கிறவன் நான். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு பன்னிரண்டு போர் (குழல் வாயின் அளவு) இரட்டைக்குழல் ஒன்றை 2017இல் இருந்து வைத்திருக்கிறேன். அவன் காட்டிய வகையையும் ஒரு தடவை சுட்டுப் பார்த்திருக்கிறேன். வரம்பில் அவனுக்குச் சொன்னதோடு சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கலப்பு வகை. 2019இல் மருமகளின் கலியாணத்துக்குக் கனடா போனபோது, மச்சான் தன்னுடைய சங்கத்துச் சுடுதிடலுக்குக் கூட்டிப்போனார். அங்கே லைசன்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டால் மற்றவரும் சாதாரண வேட்டைத் துவக்கால் சுடலாம். அவருடையது ஸ்பாஸ் 12, பெனெல்லி எம்3 போன்ற துவக்குகளின் வழியில் வந்த ஒன்று. அரைத் தானியங்கியாகவும் ஓடும், கையாலும் இழுக்கலாம்.

ஒரே துவக்கில் ஏன் இரண்டும் என்று கேட்டேன். மச்சானுக்கு இப்படிக் கேட்டால் போதும், சாப்பாடு மறந்துவிடும். தோட்டா தானாக ஏறுகிற துவக்கில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, வெடிவாயுவில் கொஞ்சத்தைக் குழலில் உள்ள துளையால் எடுத்து ஒரு பிஸ்டனைத் தள்ளுவது. மற்றது, துவக்கு பின்னுக்கு உதைக்கிற விசையை ஒரு சுருள்வில்லில் வாங்கி, அந்த வில்லால் வேலை செய்வது. வாயு வகை தோளுக்கு மென்மை. ஆனால் கரி பிடிக்கும், கழற்றித் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உதைப்பு வகைக்குள் அழுக்குக் குறைவு. ஆனால் மருந்து குறைந்த மெல்லிய தோட்டாவைப் போட்டால் உதைப்புப் போதாமல் அடுத்தது ஏறாது. அந்த மாதிரித் தோட்டாவுக்குத்தான் வளையம். கையால் இழுத்தால் எதுவும் ஏறும்.

யோசனை கெட்டித்தனமானதுதான். இருபத்தைந்து தோட்டா சுட்டேன். மெல்லிய தோட்டாவில் இரண்டு தரம் சிக்கியது. வளையத்தைத் திருப்பியதும் சரியாகிவிட்டது. ஆனால் நான் கவனித்தது வேறொன்று. முதல் வெடி மட்டையின் நடுவில் விழுந்தது. இரண்டாவது விளிம்பில். மூன்றாவது எங்கே போனது என்று மச்சானுக்கும் தெரியாது. இன்னும் நான்கு இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் கண் சோம்பேறியாகிவிடுகிறது. அதோடு பாரம். முன்பக்கம் கனத்த துவக்கைப் பின்னேரம் முழுக்கத் தூக்கிக்கொண்டு வரம்பில் நடந்து பாருங்கள், தெரியும்.

எங்கள் ஊரில் அந்தத் துவக்கு கிடைக்காது என்பதையும் தம்பிக்குச் சொன்னேன். இங்கே துவக்கு விவகாரம் எல்லாம் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான். கமக்காரன் பயிர்ப் பாதுகாப்புக்கென்று போனால் பன்னிரண்டு போர் துவக்குத்தான். அரைத் தானியங்கி ரைபிள் (ஒற்றைச் சன்னத்தைத் தூரம் சுடுவது) என்று எழுதினால், அந்த விண்ணப்பம் கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலைத் தாண்டாது. தாண்டினாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சின்ன .22 ரைபிளின் சன்னம்கூட ஒன்றரை மைல் வரைக்கும் போகக்கூடியது; தோட்டாப் பெட்டியிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். எங்கள் வயல்வெளியில் ஒன்றரை மைல் என்பது மூன்று ஊர். இரவில், நீர் நிற்கிற தட்டை நிலத்தில், பரணில் யார் காவல் இருக்கிறார்கள் என்று தெரியாமல் ரைபிள் சுடுகிறவனுக்குப் பக்கத்தில் நான் வயல் செய்ய மாட்டேன்.

சரி, பழையது ஒன்றை வாங்கப் போகிறவர் என்ன பார்க்க வேண்டும்? நான் வாங்கியது, வயதான ஒருவர் வைத்திருந்த இங்கிலாந்துத் துவக்கு. பத்திரத்தை என் பெயருக்கு மாற்ற ஒரு போகம் போய்விட்டது. அந்தக் காத்திருப்பில்தான் பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்தேன், அதனால் காத்திருந்தது நல்லதாகிவிட்டது.

குழலைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். உள்சுவரில் நிழல் வளையம் வளையமாக நேராக ஓட வேண்டும். ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே அடிபட்ட பள்ளம் இருக்கிறது. கறுப்புப் புள்ளிகள் என்றால் துரு தின்ற குழிகள். பிறகு குழலை ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்த்த ஈயப்பற்று உறுதி. உடைந்த சட்டிச் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். குழலின் வெளியே பாம்புச்சட்டை போல வரிவரியாகக் கோலம் தெரிந்தால் அது முறுக்கிரும்புக் குழல், கரிமருந்துக் காலத்துச் சாமான். இன்றைய தோட்டாவை அதில் போடக்கூடாது. சுவரில் மாட்டலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றில் அது இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர். இன்று சாதாரணமாகக் கிடைக்கிற தோட்டா 70 மில்லிமீற்றர். இங்கேதான் ஆபத்து: அந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு கோதின் நீளம். வெடிக்க முதல் வாய் மடிந்திருப்பதால் சின்ன அறைக்குள்ளும் அழகாக நுழைந்துவிடும். "நுழையுது தானே" என்று சுட்டால், விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அளவு குழலுக்குக் கீழே முத்திரையோடு குத்தியிருக்கும். எனது 65. வாங்குகிறபோது விற்றவரே அதைச் சொல்லவில்லை. பூதக்கண்ணாடி வைத்து நான்தான் வாசித்தேன். அதனால் தோட்டா தேடுவது எனக்கு எட்டு வருடமும் தலையிடி. இந்தத் துவக்கில் நான் குறை என்று சொல்வது அந்த ஒன்றைத்தான்; அது சின்னக் குறை இல்லை.

கட்டையை, அதாவது தோளில் முட்டுகிற மரப்பிடியை, பற்றி ஒரு வார்த்தை. கண்ணை மூடிக்கொண்டு வெறுந்துவக்கைத் தோளுக்கு ஏற்றுங்கள். கண்ணைத் திறக்கும்போது குழலின் நடுத்தண்டு நேரே தெரிந்தால் கட்டை உங்களுக்குப் பொருத்தம். கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால், இருட்டில் பன்றி உங்களுக்காகக் காத்திருக்காது.

வாங்கிய பிறகு செய்த ஒரே புத்தியான வேலை, சீமெந்துப் பைகளைப் பிரித்து ஒட்டி, மண்மேட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தது. பெரிய உருண்டை போட்ட எஸ்.ஜீ. தோட்டா இருபத்தைந்து யாரில் (கெஜத்தில்) ஒரு பன்றியின் நெஞ்சளவுக்குள் நின்றது. நாற்பது யாரில் பையில் இரண்டு ஓட்டை, மற்றது எல்லாம் காற்றில். அன்றிலிருந்து இருபத்தைந்து யாருக்கு அப்பால் பன்றியைக் குறிவைப்பதில்லை. காயத்தோடு பற்றைக்குள் போன தனியனை விடியற்காலையில் தேடிப்போன அனுபவம் ஒன்று போதும்.

தோட்டாக் கணக்கைக் கொப்பியில் எழுதி வைக்கிறேன். எட்டுக் காலபோகத்தில், அதாவது எட்டு மாரி விதைப்பில், 74. அதில் 22 சீமெந்துப் பைக்கு. 38 வரம்பு மண்ணில், வெறும் சத்தத்துக்கு. 14தான் பன்றிக்கு, விழுந்தது ஒன்பது. இரண்டாவது குழலைச் சுடவேண்டி வந்தது மூன்று தரம். மூன்றாவது வெடி வேண்டும் என்று நினைத்த இரவு ஒன்றுகூட இல்லை. முதல் சத்தத்தோடு கூட்டம் பற்றைக்குள் போய்விடும். பிறகு எதைச் சுடுவது? கதிர் பால் பிடிக்கிற இரண்டு கிழமையும், கச்சான் காய் முற்றுகிற காலமும்தான் வேலை. மற்ற நாளெல்லாம் துவக்கு துடைத்து வைக்கிற சாமான்.

சத்தம் மட்டும்தான் தேவை என்றால் யானையை விரட்டக் கொளுத்துகிற யானை வெடியே போதும், மலிவு. யானைக்குத் துவக்கை எடுப்பது மடத்தனம், குற்றமும்கூட. பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு இல்லை. யானையும் மானும் மரையும் அப்படியில்லை. குரங்குக்கும் இதனால் பயனில்லை. 2025 மார்ச் 15இல் காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கு, மயில் எல்லாம் எண்ணச் சொன்னார்களே, அன்று எங்கள் வளவு மாமரத்தில் மட்டும் பதினேழு. துவக்கு உள்ளே பூட்டியிருந்தது. அதுகளுக்கும் தெரிந்திருக்கும்.

"லைசன்ஸ் எதுக்கு, இடியன் செய்து தருவார்கள்" என்று கள்ள நாட்டுத்துவக்கைச் சொல்கிற ஆட்களும் உண்டு. பன்றியின் கால் பட்டதும் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்குக் கட்டுகிறவர்களும் உண்டு. பன்றி போகிற பாதையில்தான் விறகுக்குப் போகிற சனமும் போகிறது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

பராமரிப்பு. மாரியில் ஈரம், சோளகத்தில் தூசி. இரண்டும் இரும்புக்கு எதிரி. தையல் மெசின் எண்ணெய் மெல்லிசாகப் பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் பூசி, அது பிசின்போல் இறுகி, விசை சிக்கிய கதை என்னுடையது. அதைச் சரிசெய்யக் கொடுத்த இடத்தில் சுருள்வில்லை மாற்றுகிறோம் என்று தளர்ந்த ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள். இடது குழல் ஒரு வருடம் இரண்டு தட்டுக்கு ஒரு தரம்தான் வெடித்தது. துணி உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், உறை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். எண்ணெய் பூசிய துவக்கைக் குழல் கீழ்நோக்கி நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் எண்ணெய் வடிந்து கட்டை மரம் ஊறிவிடும்.

பிறகு குளவி. இதைக் கனடாக்காரர் எவரும் சொல்லித்தர மாட்டார்கள். நான்காம் வருடம், மூன்று கிழமை எடுக்காமல் வைத்திருந்த துவக்கைத் திறந்து பார்த்தால் வலது குழலுக்குள் வெளிச்சம் வரவில்லை. மண்குளவி கூடு கட்டியிருந்தது. அப்படியே சுட்டிருந்தால் குழல் பிளந்து என் இடது கை போயிருக்கும். மடக்கித் திறந்து கண்ணால் பார்க்க முடிகிற இரட்டைக்குழலில் இது அரை நொடி வேலை. நீட்டுக் குழாயும் மூடிய அறையும் உள்ள துவக்கில், பார்க்க வேண்டும் என்ற நினைப்பே பலருக்கு வராது. தம்பியின் வீடியோத் துவக்கை விட என் கிழட்டுத் துவக்கு மேல் என்று நான் சொல்வதற்கு இது பெரிய காரணம்.

பத்திர வேலை வருடம் தவறாது. அடுத்த வருடத்துக்கான புதுப்பித்தல் ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் கடைசியோடு முடியும். அது எங்களுக்கு விதைப்பு நேரம், மழையும் கூட. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்கு ஒப்படைக்கச் சொன்னபோது, எங்களுடையதும் போகப்போகிறதோ என்று தேத்தண்ணிக் கடை முழுக்க அதே பேச்சு.

கடைசியாக ஒன்று. வாங்குகிறபோது நான் யோசிக்காத ஒன்று. முதல் காலபோகத்தில் ஓர் இரவு, பதினொரு மணியிருக்கும், வரம்பில் ஒரு வெடி வைத்தேன். பன்றி போய்விட்டது. சந்தோசமாக வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். விடிய, பக்கத்து வீட்டு அக்கா என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் தெரிந்தது: சத்தம் கேட்டதும் அவர் எழும்பி, விளக்கை அணைத்து, கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்திருக்கிறார். விடியும் வரைக்கும் வெளியே வரவில்லை. 2009 மே வரைக்கும் பதுங்குகுழியில் இருந்து வந்த மனிசி. எட்டு வருடத்துக்குப் பிறகு, பன்றிக்காக, நான் அவரைத் திரும்ப அங்கே அனுப்பியிருக்கிறேன்.

அதன்பிறகு சுடப்போகிற இரவென்றால் பின்னேரமே நான்கு வீட்டுக்குச் சொல்லிவிடுவேன். எதிர்பாராமல் பன்றி வந்தால், முதலில் கைபேசி, பிறகுதான் துவக்கு. "அக்கா, இன்னும் கொஞ்சத்தில் ஒரு வெடி, ஒன்றே ஒன்று" என்பேன். "ஓம் தம்பி, வை" என்பார். சில இரவில் கதைத்து முடிக்கிறதுக்குள் பன்றி ஒரு பாத்தி கச்சானைக் கிண்டி முடித்துவிடும். ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட்டு இரண்டாவது குழலைச் சுட்ட அந்த மூன்று தரமும், அடுத்த நாள் காலையில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஐந்து தோட்டாத் துவக்கை வைத்துக்கொண்டு அவருக்கு என்ன சொல்வது?

நேற்றுத் தம்பி துவக்கைப் பிடித்துப் பார்க்க வந்தான். வெறுந்துவக்கை மடக்கித் திறந்து காட்டிவிட்டுக் கையில் கொடுத்தேன். கண்ணை மூடி, தோளுக்கு ஏற்றி, கண்ணைத் திறந்தான். கட்டை அவனுக்கு ஓர் அங்குலம் நீளம். மரவேலை தெரிந்த ஆளிடம் அதைக் குறைக்கலாம் என்றேன்.

"அம்மாட்டச் சொல்லிட்டியோ?" என்று கேட்டேன்.

அந்த அக்காவின் மகன்தான் அவன். இன்னும் இல்லை என்றான்.