பால் சுறா கேட்டா எது பால் சுறா இல்லன்னு சொல்ற மீன் கடை

காசிமேட்டு சரக்கு, மீன் ஃப்ரெஷ்ஷா இருக்கும், ஐஸ் நல்லா போட்டு வைப்பாங்க, இதெல்லாம் ஏற்கனவே நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் எழுத வந்தது வேற. இந்த அக்கா என்ன மீன், முழு மீனா எவ்ளோ பெருசு இருந்துச்சுன்னு உண்மைய சொல்லி விக்கிறாங்க.

தங்கச்சிக்கு குழந்தை பிறந்திருக்கு, பால் சுறா புட்டு செய்யணும், வாங்கிட்டு வான்னு அம்மா அனுப்புனாங்க. தட்டுல வெட்டி வச்ச சுறா துண்டு இருந்துச்சு, நடு எலும்பே அஞ்சு ரூபா காயினை விட பெருசு. அதையே பால் சுறான்னு குடுத்திருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன், முன்னாடி வாங்கிட்டிருந்த கடையில அப்படித்தான் குடுப்பாங்க. அக்கா பாத்துட்டு, "அது பெரிய சுறா தம்பி, பால் சுறா இன்னைக்கு வரல. புள்ள பெத்தவளுக்கு இது வேணாம், காரப்பொடி மீன் எடுத்துக்க, இல்ல மத்தி எடுத்துக்க"ன்னாங்க. ரெண்டுமே சுறாவை விட விலை கம்மி, அது தெரிஞ்சேதான் சொன்னாங்க.

ஏன் இத இவ்ளோ பெருசா சொல்றேன்னா, பெரிய சுறால பாதரசம் சேர்ந்திருக்கும். நிலக்கரி எரிக்கிற புகையில இருந்தும் தங்கம் பிரிக்கிற இடங்கள்ல இருந்தும் வர்ற பாதரசம் கடல்ல சேருது, பாக்டீரியா அத மீதைல் மெர்குரியா, அதாவது உடம்புல சேர்ந்து தங்குற பாதரசமா மாத்துது, தண்ணியில மிதக்குற பிளாங்டன்கிற குட்டி உயிருங்க அத எடுக்குது, அத மத்தி தின்னுது, மத்திய சூரை தின்னுது, சூரைய பெரிய சுறா தின்னுது, உள்ள போனது லேசுல வெளிய வராததால ஒவ்வொரு படியிலயும் அளவு ஏறிக்கிட்டே போகுது. நம்ம உடம்புல போனாலே பாதி குறைய சுமார் 50 நாள் ஆகும். வயித்துல இருக்குற குழந்தைக்கு நேரா போகும், தாய்ப்பால்லயும் கொஞ்சம் போகும், மூளை வளர்ற வயசு அது. ஜப்பான்ல மினமாட்டா ஊர்ல ஃபேக்டரி கழிவு பாதரசம் மீன் வழியா ஜனங்களுக்கு போய் 1956ல நோய் வெளிய தெரிஞ்சுது, அம்மாவுக்கு நோய் அறிகுறி பெருசா இல்லாமலே குழந்தைங்க மூளை பாதிச்சு பிறந்துச்சுங்க.

மஞ்சள் போட்டு அலசினா போயிடும்னு சிலர் சொல்றாங்க, போகாது. பாதரசம் சதையிலயே இருக்கு, வேக வச்சு தோல உரிச்சாலும் அப்படியேதான் இருக்கும். டிடிடிங்கிற பூச்சி மருந்து, பிசிபிங்கிற ஃபேக்டரி கெமிக்கல் மாதிரி உள்ளதுதான் கொழுப்புல தங்கும், அதுக்கு தோலையும் வயித்துக் கொழுப்பையும் எடுத்தா கொஞ்சம் குறையும். நிஜ பால் சுறா சின்ன ஜாதி, சுமார் ஒரு மீட்டர்தான் வளரும், பெரிய சுறா அளவுக்கு சேராது, ஆனாலும் அதுவும் மீன் தின்னு வளர்றதுதான். உணவுக்கு சர்வதேச தரம் வைக்கிற கோடெக்ஸ் அமைப்பு 2018ல சுறாவுக்கு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் மீதைல் மெர்குரின்னு உச்ச வரம்பு வச்சிருக்கு, அமெரிக்காவுல கர்ப்பிணியும் பால் குடுக்குறவங்களும் சுறாவே வேணாம்னு சொல்றாங்க. அதுக்காக மீனையே நிறுத்திடாதீங்க, மத்தி, நெத்திலி எல்லாம் கொஞ்ச வருஷம்தான் வாழும், அடிமட்டத்துல தின்னும், ஒமேகா 3 நிறைய இருக்கு.

ஃப்ரெஷ்ஷான்னு செவுள தூக்கி பாக்கலாம், பாதரசத்த கண்ணால பாக்க முடியாது, வெட்டின துண்டுல மீன் சைஸும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு சரியா தெரியாது. அதனால விக்கிறவங்க சொல்றத நம்பித்தான் வாங்கணும். அக்கா வாயால சொல்றத ஒரு போர்டுலயும் எழுதி வச்சா, வெட்டுறதுக்கு முன்னாடி மீன் எத்தன கிலோன்னு போட்டா, கேக்க கூச்சப்படுறவங்களுக்கும் தெரியும், அதுக்குத்தான் ஒரு ஸ்டார் குறைச்சேன். ஞாயித்துக்கிழமை பொடி மீன் ஆய்ஞ்சு தர மாட்டாங்க, காரப்பொடி வேணும்னா மத்த நாள்ல போங்க.