கட்டணச் செயலியை நம்பி ரூ. 6,38,400 பறிகொடுத்தோம்: சிறு பள்ளி நடத்துவோர் கவனத்திற்கு

என்னைப் போல ஒரே ஒரு பள்ளியை வைத்துக்கொண்டு, வங்கி இருப்பைப் பார்த்துப் பார்த்து மாதத்தை ஓட்டும் தாளாளர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கென்று பெற்றோர் கட்டிய முதல் பருவக் கட்டணத்தில் ரூ. 6,38,400 எங்கள் கணக்கிற்கு வந்து சேரவே இல்லை. கட்டணம் வசூலிக்க நாங்கள் வாங்கிய செயலியின் நிறுவனம் அதைக் கையில் வைத்திருக்கிறதா, செலவழித்துத் தீர்த்துவிட்டதா என்பதை இன்று மாலை வரை ஒருவரும் சொல்லவில்லை. வழக்கறிஞர் தடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வருகைப் பதிவு, மதிப்பெண் அட்டை, வேன் எங்கே வருகிறது என்ற தகவல், கட்டண வசூல் எல்லாவற்றையும் ஒரே செயலியில் தருகிறோம் என்று ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் என் தந்தை 1991இல் தொடங்கிய மழலையர் மற்றும் தொடக்கப் பள்ளி இது. 412 குழந்தைகள் படிக்கிறார்கள். ஆசிரியைகள் 19 பேர், வேன்கள் மூன்று. தனியார் பள்ளி என்றதும் பணம் கொழிப்பதாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான குழு நிர்ணயிக்கும் கட்டணத்தைத்தான் நாங்கள் வாங்க முடியும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களில் சேரும் குழந்தைகளுக்கான தொகையை அரசு பிறகுதான் ஈடுசெய்யும். அந்தப் 'பிறகு' எவ்வளவு நீளும் என்பது பள்ளி நடத்துகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே மே மாதச் சம்பளம், வேன்களின் எஃப்.சி. (தகுதிச் சான்று), காப்பீடு, கழிப்பறைப் பழுது என்று கோடையில் வந்து விழும் செலவு அத்தனையும் முதல் பருவக் கட்டணத்தை நம்பியே இருக்கின்றன. அந்தப் பணத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

ஜனவரியில் அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தன் தாயார் சத்துணவு அமைப்பாளர் என்றும், பள்ளி என்றாலே தனக்குத் தனி மரியாதை என்றும் சொன்னார். குழந்தைகள் வரிசையில் கை கழுவுவதை நின்று பார்த்துப் பாராட்டினார். எங்களோடு அமர்ந்து சாப்பிட்டார். 'தம்பி' என்று நான் அழைக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். மார்ச்சில் ஆண்டுக் கட்டணம் ரூ. 48,000 செலுத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். அது தனிக் கணக்கு, ரூ. 6,38,400இல் சேராது.

நான் ஏமாந்த இடம் அந்தக் கையெழுத்து அல்ல. ஏப்ரல் கடைசி வாரத்தில் வந்த ஒரு தொலைபேசி அழைப்புதான். "டிரஸ்ட் பேர்ல பேமென்ட் கேட்வே எடுக்க மூணு வாரம் ஆகும் மேடம். அதுவரைக்கும் எங்க கேட்வேயிலயே வாங்கிக்கலாம், மறுநாளே உங்க அக்கவுண்டுக்கு வந்துரும். பத்து நாள்தான்" என்றார். பேமென்ட் கேட்வே என்பது, பெற்றோர் செயலியில் கட்டும் பணத்தை வாங்கி வங்கிக் கணக்கிற்கு அனுப்பும் இணையச் சேவை; டிரஸ்ட் என்றது பள்ளியை நடத்தும் எங்கள் அறக்கட்டளையை. அறக்கட்டளைப் பத்திரம், அறங்காவலர் தீர்மானம், பான் அட்டை என்று வங்கி கேட்கும் காகிதங்கள் அதிகம் என்பது எனக்கும் தெரியும் என்பதால், அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. தந்தை காலத்திலிருந்து எங்களிடம் இருக்கும் கணக்கர் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம பணம் எதுக்குங்கம்மா இன்னொருத்தர் வீட்டு வழியா வரணும்?" என்று கேட்டார். காலத்திற்கு ஏற்ப மாற வேண்டும் என்று நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். அவர் முகத்தை இப்போது நேராகப் பார்க்க முடியவில்லை.

மே முதல் வாரத்தில் வசூல் தொடங்கியது. முதல் நான்கு நாட்களில் 41 பெற்றோர் செலுத்திய ரூ. 1,82,600 மறுநாளே, ஒரு ரூபாய் குறையாமல் வந்தது. அது தூண்டிலில் கோத்த புழு என்பது அப்போது விளங்கவில்லை. அதன்பின் செலுத்தியவர்களின் பெயருக்கு நேராகவும் செயலியில் பச்சை நிறத்தில் 'செலுத்தப்பட்டது' என்று வந்துகொண்டேதான் இருந்தது. பெற்றோருக்கு எங்கள் பள்ளி முத்திரையுடன் ரசீதும் போனது. வங்கிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டிய நான், அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதத்தில் தாளாளருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கட்டட உறுதிச் சான்றுக்குப் பொறியாளர், கட்டட உரிமத்திற்கு வட்டாட்சியர் அலுவலகம், தடையின்மைச் சான்றுக்குத் தீயணைப்பு நிலையம், சுகாதாரச் சான்றுக்கு இன்னோர் அலுவலகம் என்று அலைந்தேன். அந்த அலைச்சலில் எனக்குக் குறையில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் மாண்ட செய்தி வந்த மறுநாளே, எங்கள் பள்ளியின் கீற்றுக் கொட்டகையை ஆள் வைத்துப் பிரித்துப் போட்டவர் என் தந்தை. உயிர் சம்பந்தப்பட்ட காகிதம் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிக்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. பணம் சம்பந்தப்பட்ட காகிதத்தை மட்டும் ஒரு முறைகூட ஒழுங்காகப் படிக்கவில்லை.

மே 31 அன்று சம்பளம் போடுவதற்காக இருப்பைப் பார்த்தபோதுதான் ரூ. 4,11,000 வராதது தெரிந்தது. உடனே அழைத்தேன். வங்கியின் சர்வரில் கோளாறு, திங்கட்கிழமை மொத்தமாக வந்துவிடும் என்றார் 'தம்பி'. அங்கேயே வசூலை நிறுத்தியிருக்க வேண்டும். பள்ளி திறக்கும் வாரத்தில் 'செயலியில் கட்டாதீர்கள்' என்று அறிவித்தால் பெற்றோர் பயந்துவிடுவார்கள், ஊரில் பேச்சாகிவிடும் என்று ஒரு வாரம் பொறுத்தேன். அந்த ஒரு வாரத்தில் மேலும் ரூ. 2,27,400 போனது. ஆக மொத்தம் 143 பெற்றோர் செலுத்திய ரூ. 6,38,400.

அதற்குப் பிறகு கேட்ட பதில்களை எழுதினாலே கை நடுங்குகிறது. திங்கட்கிழமை வந்தது, பணம் வரவில்லை. கேட்வே நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு தொகையை நிறுத்திவைத்திருக்கிறது, எங்கள் பக்கம் தவறே இல்லை என்றார்கள். அடுத்த வாரம், புகார் எண் ஒன்றைக் கொடுத்து, எல்லாவற்றையும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் மட்டுமே கேட்க வேண்டும் என்றார்கள். மின்னஞ்சலுக்கு வந்த பதில், 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று இயந்திரம் எழுதியது. ஜூன் நடுவில் 'தம்பி' வேலையை விட்டுவிட்டார் என்று புதியவர் ஒருவர் பேசினார், முதலிலிருந்து எல்லாவற்றையும் அவருக்கு விளக்கச் சொன்னார், விளக்கினேன். இரண்டு நாள் கழித்து அவர், குறுஞ்செய்திச் சேவைக்கும் வேன் கருவிகளுக்கும் நாங்கள் பாக்கி வைத்திருப்பதாகவும், அதைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தர முடியும் என்றும் சொன்னார். அப்படி ஒரு பாக்கி கிடையாது. இருந்தாலும் கழித்துக்கொண்டு மீதியையாவது கொடுங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அதற்கும் பதில் இல்லை. ஜூலை முதல் வாரத்தில் செயலியில் எங்களுக்கிருந்த நிர்வாகி கணக்கையே முடக்கிவிட்டார்கள். 412 குழந்தைகளின் புகைப்படம், பிறந்த தேதி, ஆதார் எண், பெற்றோரின் கைபேசி எண் அனைத்தும் அவர்களிடம் இருக்கின்றன. பணத்தைவிட இது என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்கிறது.

கேட்வே நிறுவனத்திற்கு நேரடியாக எழுதினேன். தங்கள் பதிவேட்டில் வணிகர் அந்த மென்பொருள் நிறுவனம்தான், அவர்களுக்குச் சேர வேண்டியதை அன்றன்றே அனுப்பிவிட்டோம், உங்கள் பள்ளிக்கும் எங்களுக்கும் எந்த உறவும் இல்லை என்று பதில் வந்தது. யோசித்தால் அது உண்மைதான். பிறர் சார்பில் பணம் வாங்கிச் சேர்ப்பிக்கும் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற வேண்டும், அந்தப் பணத்தைத் தங்கள் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனியான எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்று 2020 மார்ச்சிலேயே விதி வந்துவிட்டது. அந்தக் காவல் எல்லாம் கேட்வே நிறுவனத்திற்கும் அதில் பதிந்த வணிகருக்கும் இடையில்தான். வணிகராக எங்கள் அறக்கட்டளையின் பெயர் இல்லாததால், அந்த வேலிக்கு வெளியே நாங்களாகவே போய் நின்றுகொண்டோம்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பதிவு செய்தேன். உள்ளூர்க் காவல் நிலையத்தில், ஒப்பந்தம் இருப்பதால் இது சிவில் விவகாரம் என்றார்கள்; இரண்டாம் முறை போனபோது புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 316ஆம் பிரிவில் வரும் என்று வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த பிறகுதான் மனுவைப் படிக்கவே செய்தார்கள். ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பக்கத்தில், எந்தத் தகராறும் வேறு மாநிலத் தலைநகரில் உள்ள நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முன்புதான் தீர்க்கப்படும் என்று பொடி எழுத்தில் இருப்பதையும் வழக்கறிஞர்தான் காட்டினார்.

பெற்றோரிடம் மீண்டும் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை, கேட்கவும் மாட்டோம். அவர்கள் கையில் எங்கள் பள்ளியின் ரசீது இருக்கிறது. நெசவு, கூலி, சிறு கடை என்று பிழைப்பவர்கள் அவர்கள். அதில் ஒரு தாய், தன் கைபேசியை நீட்டி, "நாங்க கட்டிட்டமுங்க மேடம், இதோ பாருங்க" என்று, நான் எதுவும் கேட்காதபோதே, பயந்துபோய்க் காட்டினார். ஜூன் சம்பளத்தை என் நகைகளை வங்கியில் அடகு வைத்துப் போட்டிருக்கிறேன். ஜூலைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இதை எப்படித் தவிர்க்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கேட்வே உங்கள் அறக்கட்டளையின் பெயரில் வரும்வரை, பத்து நாள் என்றாலும், ஒரு நாள் என்றாலும் செயலியில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். அதுவரை உங்கள் வங்கியிலேயே அறக்கட்டளைப் பெயரில் கியூஆர் அட்டை வாங்கி மாட்டுங்கள். பெற்றோரின் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்திற்குக் கமிஷன் பிடித்தம் கிடையாது. தினமும் மாலையில் செயலியை மூடிவிட்டு வங்கிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். குழந்தைகளின் விவரங்களுக்கு ஒரு நகல் உங்கள் கணினியில் இருக்கட்டும். கணக்கர் சந்தேகப்பட்டால் கேளுங்கள்.

நாளை காலை பத்து மணிக்கு மாவட்டக் குற்றப்பிரிவில் வரச் சொல்லியிருக்கிறார்கள். 143 ரசீதுகளின் நகலும் வேண்டுமாம். செயலி முடக்கப்பட்டுவிட்டதால் ஒவ்வொரு பெற்றோரையும் அழைத்து ரசீதை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டிருக்கிறோம். இதை எழுதும்போது 96 வந்திருக்கிறது.