கான்வெர்ஸ் சக் டெய்லர்: எந்த மாடல், எந்த சைஸ், எதற்கு ஆகாது

கான்வெர்ஸ் சக் டெய்லர் என்ற கான்வாஸ் ஷூவில், கணுக்காலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வட்டத்தில், நட்சத்திரத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கும் மனிதர் நட்சத்திர ஆட்டக்காரர் இல்லை. அமெரிக்காவின் இண்டியானாவில் 1901இல் பிறந்த சக் டெய்லர், தொழிற்சாலைகள் நடத்திய அணிகளில் சில காலம் கூடைப்பந்து ஆடினார். 1921இல் கான்வெர்ஸ் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார். பேர் வாங்கியது அங்கேதான்.

கார் டிக்கி நிறைய ஷூவை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பள்ளி, கல்லூரி மைதானங்களில் பையன்களுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு எடுப்பார். பந்தைக் கடத்துவது, கூடையில் போடுவது எல்லாம் தானே செய்து காட்டுவார். வகுப்பு முடிந்ததும் ஷூ வேண்டுமென்றால் உள்ளூர் விளையாட்டுச் சாமான் கடைக்கு அனுப்பிவிடுவார்; இதனால் கோச்சும் கைக்குள், கடைக்காரரும் கைக்குள். 1934இல் அவருடைய கையெழுத்து ஷூவில் ஏறியது. ஜோடிக்கு இவ்வளவு என்று ராயல்டி எதுவும் கிடையாது, சம்பளமும் செலவுப் பணமும்தான். 1969இல் கூடைப்பந்தில் பேர் பெற்றவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். அதே வருடம் காலமானார்.

அவர் விற்ற ஷூவின் அடிப்படை அமைப்பு 1917இல் வந்தது, இன்றும் பெரிதாக மாறவில்லை. இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. கான்வாஸ் மேல்பாகத்தை அச்சில் இழுத்து மாட்டி, அடியில் ரப்பர் சோல் வைத்து, சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டி, அப்படியே சூட்டில் வேகவைக்கிறார்கள். வல்கனைஸ் செய்வது என்பது இதைத்தான். சோல் நன்றாக வளையும், தரை காலுக்குத் தெரியும். ஆனால் குதிகாலுக்கு மெத்தை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அதனால் கூடைப்பந்து ஆடத்தான் இதை வாங்கக் கூடாது. 1962இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தபோது காலில் போட்டிருந்தது கான்வெர்ஸ்தான் என்று சொல்லி விற்பார்கள். அன்றைக்கு வேறு நல்ல ஷூ கிடையாது, அவ்வளவுதான். குதித்து இறங்கும்போது அதிர்ச்சி நேராக முழங்காலுக்குப் போகும். கணுக்கால் வரை ஏறியிருக்கும் கான்வாஸ் வெறும் துணி. கால் பிசகினால் தாங்காது. ஓடுவதற்கும் ஆகாது. நேர்மாறாக, ஜிம்மில் ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்று எடை தூக்குபவர்களுக்கு இந்த விலையில் இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். சோல் தட்டை, எடை ஏறினாலும் அமுங்காது.

இரண்டு மாடல் இருக்கிறது: சாதாரண ஆல் ஸ்டார், 2013இல் வந்த சக் 70. விலை வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தினமும் போடுவதாக இருந்தால் சக் 70 வாங்குங்கள். கான்வாஸ் 12 அவுன்ஸ் கனம், சுற்றுப் பட்டை உயரம் அதிகம், உள்ளே தடிமனான மெத்தை. கடையில் அடையாளம் காண்பது சுலபம்: சக் 70இன் குதிகால் லேபிள் கறுப்பு, ரப்பர் பளபளப்பாகத் தந்த நிறத்தில் இருக்கும். இடையில் 2015இல் நைக்கியின் மெத்தையை வைத்து சக் 2 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எடுபடவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

நைக்கி எங்கே வந்தது என்றால், 2001இல் திவாலான கான்வெர்ஸை 2003இல் வாங்கியதே அவர்கள்தான், சுமார் 30 கோடி டாலருக்கு. இந்த இரண்டு கம்பெனிகளும் முன்பு போட்டியாளர்கள்: 1979இல் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன், எந்த ஷூவுக்கு ஒப்பந்தம் போடுவது என்று வந்தபோது, நைக்கி தருவதாகச் சொன்ன பங்குகளை வேண்டாம் என்று விட்டுவிட்டு கான்வெர்ஸின் ரொக்கத்தை எடுத்துக்கொண்டார். பின்னாளில் சினிமா தியேட்டர், காபிக் கடை என்று பெரிய தொழிலதிபரானவர், பங்கு என்றால் என்னவென்றே அப்போது தெரியாது என்று இன்றும் சொல்லி வருந்துகிறார்.

சைஸில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். சக் டெய்லரில் யூ.கே. எண்ணும் ஆண்களுக்கான யூ.எஸ். எண்ணும் ஒன்றே, மற்ற பிராண்டுகளில் அப்படி இல்லை. எனவே வழக்கமான யூ.கே. 8ஐ ஆன்லைனில் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் செய்யாதீர்கள். லேபிளில் இருக்கும் சென்டிமீட்டரைப் பாருங்கள். எண் 9 என்றால் 27.5 செ.மீ. பொதுவாக ஓட்ட ஷூவில் போடும் யூ.எஸ். அளவைவிட அரை சைஸ் குறைவாக எடுத்தால் சரியாக இருக்கும். பாதம் அகலமாக இருந்தால் மட்டும் குறைக்க வேண்டாம், சுண்டுவிரல் பக்கம் பிடிக்கும்.

புது ஆல் ஸ்டாரின் அடியைத் தடவிப் பார்த்தால் மெல்லிய பஞ்சு மாதிரி ஒரு படலம் இருக்கும். இது தரக்குறைவு இல்லை, அமெரிக்கச் சுங்க வரிக் கணக்கு. அடிப்பாகம் துணி என்று காட்டினால் அங்கே இறக்குமதி வரி குறைவு. சில நாள் ரோட்டில் நடந்தால் தேய்ந்துவிடும். அதுவரை ஈர டைல்ஸில் வழுக்கும், பார்த்து நடங்கள். உள்பக்கம் இருக்கும் இரண்டு காற்றோட்டத் துளைகள் வழியாக மழைத் தண்ணீரும் தாராளமாக உள்ளே வரும்.

துவைக்கும்போது வாஷிங் மெஷின் வேண்டாம். லேஸைக் கழற்றி, பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்புத் திரவம், பழைய டூத் பிரஷ் போதும். வெள்ளைக் கான்வாஸ் மஞ்சளாவதற்குக் காரணம் பெரும்பாலும் சரியாக அலசாத சோப்பு. வெயிலில் காய்ந்ததும் கறை மேலே வரும். நன்றாக அலசி, மேலே வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சுற்றி நிழலில் காயவைத்தால் கறை பேப்பரில் இறங்கிவிடும். பிளீச் ஊற்றினால் அதுவே மஞ்சளாக்கும்.

முதலில் போகும் இடம் எப்போதும் ஒன்றுதான்: விரல் மடங்கும் இடத்தில் சுற்றுப் பட்டை கான்வாஸை விட்டுப் பிரியும். நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அங்கேதான் வளைகிறது. ஃபெவிக்விக் ஊற்றாதீர்கள், கெட்டியாகி அடுத்த வளைவிலேயே உடையும். உப்புத்தாளால் இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்து, செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, 10 நிமிடம் காயவிட்டுப் பிறகு அழுத்துங்கள். கயிற்றால் இறுகக் கட்டி ஒரு நாள் வைக்க வேண்டும். பிரிந்த இடத்தில் கான்வாஸே கிழிந்திருந்தால் பசை நிற்காது, அந்த ஜோடியை விட்டுவிடலாம்.