நிக்கோட்டின் சூயிங்கம்: 12 வாரம் மென்று பார்த்தேன்

17 வருடம் சிகரெட். அதை விடலாம் என்று வேப் (திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுக்கும் மின் சிகரெட்) வாங்கி, கடைசி இரண்டு வருடம் இரண்டையும் சேர்த்தே இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டும் இல்லை. இந்த 12 வாரமும் சட்டைப் பையில் இருந்தது 4 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம்தான். முதல் வாரமே இதைத் தூக்கிப் போட இருந்தேன், அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

வாங்க வைத்தது ஒரு போட்டோ. பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் டாக்டர் என் மேலண்ணத்தைப் படமெடுத்துக் காட்டினார். வெளுத்த சாம்பல் நிறம், நடுநடுவே ஊசியால் குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன உமிழ்நீர்ச் சுரப்பியின் வாயாம், சூட்டில் வீங்கியிருக்கிறது. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவதுபோல, சுற்றியிருக்கும் செல்கள் புகையைத் தாங்கத் தடித்திருக்கின்றன. அதுதான் அந்த வெளுப்பு.

கன்னத்தின் உள்பக்கத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. அங்கே மேல் செல்கள் உதிர, அடியிலிருந்து புதுசு வந்துகொண்டே இருக்கும். புகையில் உள்ள நச்சு அந்த அடிச் செல்லின் டி.என்.ஏ.வை உடைத்துவிட்டால், செல் பிரியும்போது குரோமோசோம் துண்டு ஒன்று உட்கருவில் சேராமல் தனியே குட்டி உட்கருவாக நின்றுவிடும். கன்னத்தை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தாலே தெரியுமாம். வேப்பில் புகையிலை எரிவதில்லை, தார் இல்லை, உண்மைதான். ஆனால் அந்தத் திரவம் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகின்றன. வாயும் வறண்டுபோகும். இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நான் விழித்த நாட்கள் எத்தனையோ.

சரி, சூயிங்கம். மருந்துக் கடையில் அட்டையைக் கொடுத்தார்களே தவிர, எப்படி மெல்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சாதாரண சூயிங்கம்போல மென்று தள்ளினேன். தொண்டை எரிச்சல், விடாத விக்கல், குமட்டல். அப்புறம்தான் அட்டைக்குள் இருந்த தாளைப் படித்தேன். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகுக் காரம்போல ஒரு சுள்ளென்ற உணர்வு வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். அது அடங்கியதும் மறுபடி நாலு மெல். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். நிக்கோட்டின் கன்னத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டும், வயிற்றுக்குப் போனால் விக்கல்தான். காபியோ பழச்சாறோ குடித்து 15 நிமிடம் ஆகும்வரை இதைத் தொடாதீர்கள், வாயில் புளிப்பு இருந்தால் மருந்து சரியாக ஏறாது. எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2.

குறை என்றால், தாடை வலிக்கும். பல்செட் போட்டவர்களுக்கு ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கும்; அவர்கள் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். இதிலும் நிக்கோட்டின் இருக்கிறது, படிப்படியாகக் குறைத்தே ஆகவேண்டும். ஆனால் எரியும் புகை இல்லை, சூடான ஆவி இல்லை.

போன வாரம் மறுபடி போட்டோ எடுத்தார்கள். அண்ணத்தில் புள்ளிகள் காணோம், வெளுப்பும் போய்விட்டது. கீழ் ஈறில் இருந்த கறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, அது மங்க மாதக்கணக்கில் ஆகுமாம். இப்போது நாளைக்கு மூன்றுதான் மெல்கிறேன். அடுத்த அட்டை 2 மில்லிகிராம் வாங்கிவிட்டேன்.