ஆப்பில் டிக் அடித்த 3 ரூபாய் இன்சூரன்ஸும் ஏற்காடு மலை இறக்கமும்

டாக்சி ஆப்பின் பெயரை எழுதவில்லை. கேஸ் நடக்கும்போது பெயர் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். மதிப்பெண் மட்டும் போட்டுவிடுகிறேன்: ஆப்புக்குள் இருக்கும் பயண இன்சூரன்ஸுக்கு 5-க்கு 1. டிரைவருக்கு மூன்றரை, ஏன் என்று கீழே வரும்.

ஏற்காட்டில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு வருவதாக அம்மா ரொம்ப நாளாக ஒரு வேண்டுதலை வைத்திருந்தார். சேலம் அம்மாப்பேட்டையில் இருந்து ஆப்பில் வண்டி போட்டேன். புக் பண்ணும்போது '3 ரூபாய்க்கு பயணப் பாதுகாப்பு' என்று ஒரு கட்டம் வருமே, அதையும் டிக் அடித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறினார் டிரைவர் தம்பி. ஏரிப் பக்கம் இறங்கியதும் ஆப்பில் பயணத்தை முடித்துவிட்டு, "அக்கா, மேலேருந்து எறங்க வண்டி கெடைக்காதுங்க, நானே இருக்கேன், ஆப் வேண்டாம், கையில குடுத்துருங்க" என்றார். சாயங்காலம் ஆப்பைத் திறந்து பார்த்தால் நிஜமாகவே ஒரு வண்டியும் காட்டவில்லை. சரி என்று ஏறிவிட்டோம்.

இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே ஒரு பைக் தப்பான பக்கத்தில் வந்து நுழைய, இவர் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தார், ஒடித்ததில் இடது பக்கம் தடுப்புச் சுவரில் போய் முட்டியது. அம்மா பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் (போடச் சொல்லாதது என் தப்பு), முன் சீட்டில் கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. 108 வந்து சேலம் ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் இருந்து இருக்கிறது, யாரும் கட்டணம் என்று வாயைத் திறக்கவில்லை. எக்ஸ்ரே வருவதற்குள், கேஸ் போட்டுத் தருகிறேன், கமிஷன் இவ்வளவு என்று விசிட்டிங் கார்டோடு ஒருவர் வந்து நின்றார், அது தனிக் கதை.

இனி இன்சூரன்ஸுக்கு வருகிறேன். ஆப்பின் சாட்டில் முதலில் ஒரு ரோபோ, அப்புறம் தினமும் ஒரு புதுப் பெயரில் ஓர் ஆள். ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) கேட்டார்கள், அனுப்பினேன். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், பாங்க் பாஸ்புக், எஃப்.ஐ.ஆர். நகல், எல்லாம் அனுப்பினேன். பதினாறாவது நாள் பதில் வந்தது: உங்கள் பயணம் காலை 11.40-க்கு முடிந்துவிட்டது, விபத்து நேரத்தில் பயணம் எதுவும் நடப்பில் இல்லை, மன்னிக்கவும். நியாயம்தான், ஆப்பை விட்டு வெளியே போனது நான்தான். ஆனால் 11.40 என்ற விவரம் முதல் நாளே அவர்கள் திரையில் இருந்திருக்குமே, அதைச் சொல்ல அம்மாவின் பாஸ்புக் எதற்கு? அந்த ஒரு மதிப்பெண்ணும், இந்த 3 ரூபாய் ஏறியதில் இருந்து இறங்கும் வரைதான் செல்லும் என்பதை இவ்வளவு தெளிவாகக் கற்றுக்கொடுத்ததற்குத்தான்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தி பையன், அங்கே உபர், லிஃப்ட் பயணம் நடக்கும்போது கம்பெனியின் 10 லட்சம் டாலர் பாலிசி நிற்கும், டிரைவர் ஆப்பை அணைத்துவிட்டால் அவருடைய சொந்தப் பாலிசிதான் என்றான். இங்கே அப்படி இல்லை. வழக்கில் முதலில் நிற்பது வண்டியின் பாலிசிதான், ஆப் ஓடியதா அணைந்ததா என்பது அதற்குக் கவலையே இல்லை. அதற்காக ஆப் கம்பெனி 'நாங்கள் வெறும் டெக்னாலஜிதான்' என்று முழுசாகக் கழன்றுகொள்ளவும் முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அவர்களுக்கு இடைத்தரகர் என்று பெயரும் உரிமக் கட்டாயமும் உண்டு. எங்கள் கேஸில் பயணமே ஆப்பில் இல்லை என்பதால் அந்தப் பேச்சு எழவில்லை.

எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், வண்டி மஞ்சள் போர்டு. எம்பரிவாஹன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன், இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. வாடகை வண்டியின் பாலிசியில் பயணிகளுக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் கட்டியிருப்பார்கள். இதே வெள்ளை போர்டு கார் என்றால், சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியை வாடகைக்கு ஓட்டினார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி மல்லுக்கட்டும். பைக் டாக்சி ஏறுகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்: தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் போட்ட வெள்ளை போர்டு பைக்கில் பின்னால் உட்காருபவர் அந்தப் பாலிசிக்குள்ளேயே வரமாட்டார்.

இதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது ஸ்டேஷன் விஷயம்தான். டிரைவர் ஆஸ்பத்திரியிலேயே ராத்திரி பன்னிரண்டு வரை நின்றார், டீ வாங்கிக் கொடுத்தார், கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டு, "கேஸ் மட்டும் வேண்டாங்கக்கா, வண்டிய ஸ்டேஷன்ல போட்டா டியூ கட்ட முடியாது" என்றார். செலவை நானே கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றும் சொன்னார். அம்மாவும் பாவம் விடு என்றார். நானும் பாதி மனதாக இருந்தேன். வக்கீல்தான் புரியவைத்தார்: எஃப்.ஐ.ஆர். இல்லை என்றால் விபத்தே நடக்கவில்லை என்பார்கள், எஃப்.ஐ.ஆர். இருந்தால் நஷ்டஈட்டை அவர் கையில் இருந்து தர வேண்டியதில்லை, அதற்குத்தான் அவர் வருஷாவருஷம் பிரீமியம் கட்டுகிறார். இதை அந்தத் தம்பியிடமே சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து ரிப்போர்ட் கொடுத்தபின் வண்டியை விட்டுவிட்டார்கள். வேகமாக ஓட்டியதற்கான வழக்கு அவர் மேல் தனியாக இருக்கிறது, அதை இன்சூரன்ஸ் கட்டாது, அதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எலும்பு முறிவு சட்டத்தில் கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் யார் தப்பு என்று கேட்காமலே இரண்டரை லட்சம் உண்டு, ஆனால் அதை வாங்கிக்கொண்டால் 166-இல் (எதிர்த்தரப்பின் தப்பைக் காட்டி முழு நஷ்டஈடு கேட்கும் பிரிவு) போட்ட மனு செல்லாமல் போய்விடும். அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர், பிளேட் வைத்த கையால் குண்டானைத் தூக்க முடியவில்லை, அந்த வருமான இழப்பையும் கேட்கலாம் என்பதால் 166-இலேயே போட்டோம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது சட்டம். குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதால் சேலம் கோர்ட்டிலேயே எம்.சி.ஓ.பி. (விபத்து நஷ்டஈட்டு மனு) நம்பர் ஆகிவிட்டது.

இன்சூரன்ஸ் தரப்பு எடுத்த எடுப்பில், டிரைவருக்கு பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டத் தனியாக வாங்கும் அனுமதி) இல்லை என்றது. 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது, அதை எங்கள் வக்கீல் எடுத்து வைத்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. அடுத்து பெல்ட்டைப் பிடிப்பார்கள் என்கிறார்.

வாய்தா அடுத்த மாதம். தொகை முடிவானதும் வண்டி இன்சூரன்ஸுக்கான மதிப்பெண்ணை இங்கேயே சேர்க்கிறேன்.