ட்வைனில் எட்டு ஆண்டுகள்: ஒரு கடலோரப் பள்ளியிலிருந்து

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றும் நான், எட்டு ஆண்டுகளாக என் மாணவர்களைக் கதை எழுத வைக்க ட்வைன் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். கிறிஸ் கிளைமாஸ் 2009 இல் வெளியிட்ட இக்கருவியில், கதையைச் சிறு துண்டுகளாக எழுதி, அடுத்த துண்டின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் வழி பிறந்துவிடும். வாசிப்பவர் எந்த வழியைத் தொடுகிறாரோ அதன்படி கதை நகரும்.

நான் இதை விடாமல் பற்றியிருப்பதற்குக் காரணம், முடிந்த கதை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக, அதாவது உலாவியில் திறக்கும் ஒரு வலைப்பக்கமாக, கைக்கு வருவதுதான். அதைப் பென்டிரைவில் கொண்டுபோகலாம், இணையம் இல்லாத வீட்டிலும் கைப்பேசியில் திறக்கலாம். இடையில் வேறொரு இலவசச் சேவையிலும் கதைகள் செய்தோம். அது மூடப்பட்டபோது பிள்ளைகளின் இரண்டாண்டு உழைப்பும் அதனுடன் போயிற்று. ட்வைனில் முதல் ஆண்டு எழுதிய கதைகளோ இன்றும் எந்த உலாவியிலும் திறக்கின்றன. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் என்னும் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம் வலைத் தொழில்நுட்பத்தை அனைவருக்கும் பொதுவாக்கியதன் பயன் எங்கள் வகுப்பறை வரை வந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. உலாவியில் எழுதும் கதை அந்த உலாவியின் நினைவகத்தில்தான் தங்கும். படி எடுத்து வைக்காமல் நாங்கள் உலாவித் தரவை அழித்த ஒரு நாளில் பதினொரு கதைகள் போயின. அதன்பின் கணினியில் நிறுவும் பதிப்புக்கு மாறி, வெள்ளிதோறும் படி எடுக்கிறோம். தமிழ் எழுத்துகள் நெருங்கித் தெரிவதால் எழுத்துருவையும் வரி இடைவெளியையும் நடைத்தாளில் (பக்கத்தின் தோற்றத்தைக் குறிக்கும் பகுதியில்) நாமே குறிக்க வேண்டும். பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பாடங்களை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலே வரும்; முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியாக வேண்டும். கைப்பேசியில் வாசிப்பது எளிது, எழுதுவது கடினம்.

ஆனாலும் கிளைவிடும் கதை கடல்வாழ்க்கைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை, ஒக்கிப் புயலுக்கு அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கதையில்தான் கண்டேன். கச்சான் என்னும் மேற்குக் காற்று வலுக்கும்போது வலையை அறுத்துவிட்டுக் கரைக்குத் திரும்புவதா, இழுத்து முடிப்பதா என்று இரண்டு வழிகள் வைத்திருந்தாள். அவளுடைய பாட்டா (தாத்தா) கட்டைவிரலால் இரண்டையும் மாறிமாறி அழுத்திப் பார்த்துவிட்டு, "எல்லாக் காத்துக்கும் கரைக்கு ஓடப்பிடாது மக்களே, நங்கூரத்தப் போட்டுக் கெடக்கணும். அது எங்க?" என்று கேட்டாராம்.

மறுநாள் காலை அவள் மூன்றாவது அடைப்பைச் சேர்த்தாள். அதற்குள் எழுத வேண்டிய துண்டைப் பாட்டா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.