கடற்காற்றுக்குள் சினிமாக் கார்கள்: கொழும்பில் மொடல் வைத்திருப்போருக்கு ஒரு நீண்டகாலப் பாவனை அனுபவம்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் கார் மொடல் வாங்கும்போது கேட்கவேண்டிய முதற்கேள்வி, "இது எதனால் செய்தது?" என்பதுதான். ஜேம்ஸ் பொண்ட் படங்களின் ஒரே அஸ்ரன் மார்டின் டிபி5 துத்தநாக வார்ப்பிலும் வரும், ரெசின் எனும் இறுகும் பிசினிலும் வரும், முழுப் பிளாஸ்ரிக்கிலும் வரும். புதிதாக வாங்கி வைத்த வருடத்தில் மூன்றும் ஒரே அழகு. சில மழைக்காலங்கள் போனபிறகே வித்தியாசம் தெரியும். வார்ப்பில் பெயின்ற் கொப்பளிக்கத் தொடங்கும், ரெசினில் ஒட்டியிருந்த மெல்லிய உலோகத் துண்டுகள் கழன்று விழும், வெள்ளைப் பிளாஸ்ரிக் மஞ்சளிக்கும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. உண்மையான டிபி5 ஏறக்குறைய 4.57 மீற்றர் நீளம். 1:18 இல், அதாவது உண்மைக் காரின் பதினெட்டில் ஒரு பங்கில், அது 25 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல், 1:43 இல் 10.6, 1:64 இல் 7. 'கோஸ்ற்பஸ்ரர்ஸ்' படத்தின் எக்ரோ-1, 1959 ஆம் ஆண்டு கடிலாக்கின் மேல் மில்லர்-மீற்றியர் உடல் கட்டிய வண்டி. 6 மீற்றரைத் தாண்டியது. அதன் 1:18 மொடல் 35 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். 30 சென்ரிமீற்றர் ஆழமான தட்டில் முகம் வெளியே பார்க்க வைக்க இடம் போதாது, பக்கவாட்டில்தான் வைக்கலாம். ஆகவே வாங்குமுன் அலுமாரியை அளந்துவிடுங்கள். 1:43 என்ற விசித்திரமான எண் ஓ கேஜ் பொம்மை ரயில்களிலிருந்து வந்தது: ஓர் அடிக்கு 7 மில்லிமீற்றர்.

சினிமாக் காரின் உயிர் அதன் விவரங்களில்தான் இருக்கிறது. படத்தைக் கூர்ந்து பார்த்தவர் பிழையான மொடலைப் பெட்டிக்கு வெளியே நின்றே கண்டுபிடித்துவிடுவார். 1964 'கோல்ட்ஃபிங்கர்' டிபி5 இன் இலக்கத்தகடு பி.எம்.ரி. 216 ஏ, 1995 'கோல்டன்ஐ' காருடையது பி.எம்.ரி. 214 ஏ. ஒரு படத்தின் பெட்டிக்குள் மற்றப் படத்தின் தகடு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 1965 இல் பொம்மைக் கார் நிறுவனமான கோர்கி வெளியிட்ட 261 ஆம் இலக்க மொடல் தங்கநிறம். படத்துக் கார் வெள்ளிநிறம் என்றாலும், பொம்மையில் வெள்ளி பூசினால் பெயின்ற் அடிக்காத உலோகம்போலத் தோன்றும் என்பதால் அப்படிச் செய்தார்கள். வெள்ளிநிறக் கோர்கி 1968 இல் 270 ஆம் இலக்கத்தில் வந்தது. எனவே "அசல் 261, வெள்ளிநிறம்" என்று யாராவது விற்றால் அது மறுபடி பெயின்ற் அடித்தது.

'பேக் ரு த ஃபியூச்சர்' படங்களின் காலப்பயணக் காரான டெலோரியனில் படவரிசை முக்கியம். வெள்ளை வளைய ரயரும் பொனற்றின் மேல் மின்சுற்றுப் பெட்டியும் இருந்தால் அது மூன்றாம் பாகம். முதற் பாகத்தின் ஆரம்பக் காட்சிகளில் பின்பக்கம் புளூட்டோனியம் அறை இருக்கும்; அதற்குப் பதிலாக வரும், குப்பையில் இயங்கும் மிஸ்ரர் ஃபியூஷன் கருவி அந்தப் படத்தின் கடைசியில்தான் வருகிறது. தொழிற்சாலை டெலோரியனின் வேகமானி அன்றைய அமெரிக்க விதிப்படி மணிக்கு 85 மைல் வரைதான். படத்தில் காலப்பயணத்துக்குத் தேவைப்பட்டது 88. நல்ல 1:18 மொடலின் டாஷ்போட்டில் படக்குழு சேர்த்த தனி டிஜிற்றல் வேகமானியும் செதுக்கப்பட்டிருக்கும். 'புல்லிற்' மஸ்ராங்கில் முன் கிரில்லில் ஓடும் குதிரைச் சின்னம் இருக்கக்கூடாது, படங்களில் வரும் வொக்ஸ்வாகன் பீற்றில் காரான ஹேர்பியில் தகடு ஓ.எஃப்.பி. 857 ஆக இருக்கவேண்டும். பற்மானின் காரான 1966 பற்மொபைல், இத்தாலிய உடல்கட்டும் நிறுவனமான கியா (Ghia) 1955 இல் ரூரினில் கட்டிய லிங்கன் ஃபியூச்சுராவின் உடல் என்பதால், இரட்டைக் குமிழ்க் கண்ணாடியின் வளைவு சரியாக வராத மொடலை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம்.

இனி ஈரம். கொழும்பில் அதிகம் பார்க்கும் சேதம் பெயின்ற் கொப்பளிப்பு. அது பெரும்பாலும் பெட்டிக்குள்தான் தொடங்குகிறது. தொழிற்சாலை வைத்த நுரைப் பஞ்சும், கதவுக்கும் உடலுக்கும் இடையில் செருகிய மெல்லிய பிளாஸ்ரிக் தாளும் ஈரத்தைப் பெயின்ற்றோடு சேர்த்துப் பிடித்துவைக்கின்றன. மூடிய பெட்டியில் வருடக்கணக்காக இருந்த கார், அலுமாரியில் திறந்து இருந்ததைவிட மோசமாக வெளியே வருவது இதனால்தான். வாங்கிய அன்றே கதவு, பொனற், டிக்கி எல்லாம் திறந்து அந்தத் தாள்களை எடுத்துவிடுங்கள். பெட்டியைக் காக்க விரும்பினால் வெறும் பெட்டியாகவே காருக்குத் தூரத்தில் வையுங்கள். அட்டையை இராமபாணப் பூச்சி அரிக்கும் என்று பூச்சி உருண்டை போடுகிறவர்கள், அந்த நப்தலின் ஆவி பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கை இளக்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். மொடல் இருக்கும் அலுமாரிக்குள் அது வரவே கூடாது.

அலுமாரிக்குள் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். இதற்குச் சிலிக்கா ஜெல்லைக் கிலோக்கணக்கில் கொட்டுவது வீண். 60 × 40 × 35 சென்ரிமீற்றர் அலுமாரிக்குள் இருப்பது 84 லீற்றர் காற்று. 30 பாகை செல்சியஸில், 80 சதவீத ஈரப்பதத்தை 50 ஆக இறக்க அந்தக் காற்றிலிருந்து எடுக்கவேண்டிய நீர் ஒரு கிராமுக்கும் குறைவு! 100 கிராம் ஜெல் அதைச் சிரமமின்றிக் குடித்துவிடும். ஜெல் சீக்கிரம் நிறம் மாறினால் குற்றம் கதவு இடுக்கில்தான். கண்ணாடிக் கதவின் விளிம்பில் சிலிக்கோன் றப்பர் பட்டி ஒட்டுங்கள். நுரைப்பட்டி இந்தக் காற்றில் பொடிந்துபோகும். மூட்டுகளை அடைக்கக் குழாய்ச் சிலிக்கோன் பயன்படுத்தினால், வினாகிரி மணம் வரும் வகையைத் தவிர்த்து நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்த மணம் அசற்றிக் அமிலம். அது துத்தநாகத்தை வெள்ளைப் பொடியாக்கும். நீர் சேரும் கல்சியம் குளோரைட் டப்பாக்களும் வேண்டாம், ஒருமுறை கவிழ்ந்தாலே உப்புக்கரைசல் தட்டெல்லாம் ஓடும்.

ஜெல்லில் செம்மஞ்சள் வகை நல்லது. கரும்பச்சை ஆனதும் 110 முதல் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். நீல வகையில் நச்சான கோபால்ட் குளோரைட் இருப்பதால் அதைச் சமையல் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மலிவான ஈரப்பதமானியை நம்புமுன் உப்புச் சோதனை செய்யுங்கள்: ஒரு மூடியில் சமையலுப்பு, அது சேறாகும் அளவுக்கு மட்டும் சில துளி நீர், மானியோடு சேர்த்து இறுக்கமான பொலித்தீன் பைக்குள் ஓர் இரவு. காலையில் 75 காட்டவேண்டும். 80 காட்டினால் இனிமேல் 5 கழித்து வாசியுங்கள்.

ரயர்களைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை. மென்மையான பிவிசி பிளாஸ்ரிக் ரயரிலிருந்து, அதை மென்மையாக்கச் சேர்த்த இளக்கிப் பொருள் கசிந்து, அக்ரிலிக் அல்லது பொலிஸ்ரைரீன் தட்டை உருக்கி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கார் கனமாக இருந்தால் ரயரின் அடியும் தட்டையாகும். கண்ணாடித் தட்டென்றால் தட்டுக்கு ஆபத்தில்லை. பிளாஸ்ரிக் தளமென்றால் பொலிபுரொப்பிலின் ஃபைல் மட்டையை 2 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டி ஒவ்வொரு ரயருக்கும் அடியில் வையுங்கள். 1:18 வார்ப்பு மொடல்களுக்கு இதைவிட நல்ல வழி, அடித்தட்டுக்குக் கீழே சிறு கட்டை கொடுத்து ரயரை ஒரு மயிரிழை உயர்த்துவது. பிசுபிசுத்த ரயரை இளஞ்சூட்டு நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் கழுவி, நன்றாகக் காயவைத்து, மெல்லிய ரல்கம் பவுடர் தடவலாம்.

ஸ்ரிக்கர் மொடல்களைச் சாய்த்து விளக்கொளியில் பாருங்கள். எக்ரோ-1 இன் பேய்ச் சின்னம், ஹேர்பியின் 53, 'ஃபாஸ்ற் அன்ட் ஃபியூரியஸ்' செம்மஞ்சள் ரொயோட்டா சுப்ராவின் பக்கச் சித்திரம் இவற்றைச் சுற்றி மெல்லிய படலத்தின் விளிம்பு தெரிந்தால் அது நீரில் ஊறவைத்து ஒட்டிய டெகால். தெரியாவிட்டால் நேரடியாக அச்சிட்டது. கொழும்புக்கு அச்சிட்டதே ஏற்றது. டெகாலின் விளிம்பு எழும்பினால் சாதாரண பசை வேண்டாம். டெகாலை இளக்கும் மைக்றோ சொல் போன்ற திரவத்தை நுண்தூரிகையால் ஒரு துளி மட்டும் விட்டு, சுருங்கித் தானாக அமரும்வரை தொடாதிருங்கள்.

விளக்கும் சத்தமும் உள்ள மொடலில் பட்டன் பற்றரியை வாங்கிய அன்றே கழற்றுங்கள். கசிந்துவிட்டால் பஞ்சுக்குச்சியில் வினாகிரி தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலால் சுத்தம் செய்யவேண்டும்.

கடற்கரைப் பக்கத் தூசியில் உப்பு இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் அது பெயின்ற்றைக் கீறும். கமராக்காரரின் றப்பர் ஊதி, பிறகு மேக்கப் தூரிகை, பிறகே வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடிநீரில் நனைத்துப் பிழிந்த மைக்றோஃபைபர் துணி. கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம் குரோம் பூச்சைக் கரைத்து எடுத்துவிடும். டெலோரியன் மொடல்கள் சிலவற்றில் உடல் பெயின்ற் இல்லாமல் வெறும் உலோகமாகத் தேய்க்கப்பட்டிருக்கும்; விரலின் வியர்வை அதில் நிரந்தரக் கறையாகும். நைற்ரைல் றப்பர் கையுறை போட்டுத் தூக்குங்கள்.

பழைய மொடல் வாங்குவோருக்கு ஒன்று. பெயின்ற்றுக்கு அடியில் உலோகமே வெடித்து, கதவு வீங்கி இறுகியிருந்தால், அது துத்தநாகக் கலவையில் கலந்த ஈயத்தின் வேலை. அருகிலுள்ள மற்றக் கார்களுக்கு அது தொற்றாது, ஆனால் இந்தக் காருக்கு மருந்தும் இல்லை. பெயின்ற் மட்டும் கொப்பளித்த காரை உரித்து மறுபடி அடிக்கலாம். நகத்தால் விளிம்பைத் தட்டிப் பார்த்து, உலோகமே துகளாக உதிர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ இருந்தால், அக்ரிலிக் மூடியோடு வரும் 1:43 ஐத்தான் சொல்வேன். கதவு திறக்காது, ஆனால் காற்றும் எளிதில் உள்ளே போகாது. அதன் தளத்துக்கும் ரயருக்கும் இடையில் ஃபைல் மட்டைத் துண்டை மட்டும் மறக்கவேண்டாம். 1:18 க்குப் போக ஆசைப்பட்டால், முதலில் அலுமாரிக் கதவின் இடுக்கை அடைத்துவிடுங்கள், பிறகு காரை வாங்குங்கள்.